கோணேஸ்வரி மச்சாள் குளிக்கப் போன நாடு

என் மச்சாள் கோணேஸ்வரிக்குச் சுடுதண்ணீர்ப் பைத்தியம். என் அண்ணனின் மனைவி என்பதால் மரியாதையாகச் சொல்கிறேன். வேறு யாராவது என்றால் இன்னும் கடுமையாகச் சொல்லியிருப்பேன். கனடாவில், டோர்செட் பார்க்கில் எங்கள் அப்பார்ட்மென்டில் ஒரேயொரு குளியலறை. சனிக்கிழமை காலையில் அவர் உள்ளே போனால், நானும் என் கணவரும் பிள்ளைகளும் வெளியே துவாயோடு நிற்போம். கதவுக்குக் கீழால் ஆவி வரும். மனுசி வராது.

திருகோணமலைக்காரருக்கு இதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஊருக்கு வெளியே கன்னியா என்ற இடத்தில் ஏழு சுடுதண்ணீர்க் கிணறுகள் இருக்கின்றன. ஆழமில்லாத சின்னக் கிணறுகள்தான். ஆனால் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. தாய்க்குக் கிரியை செய்வதற்காக இராவணன் வாளால் குத்தி எடுத்த தண்ணீர் என்று கதை. அதனால் எங்கள் பக்கத்தில் செத்தவர்களின் முப்பத்தோராம் நாள் காரியத்தை அங்கே போய்ச் செய்வோம். எள்ளும் தண்ணீரும் இறைத்து, குளித்துவிட்டு வருவோம். சாவு விழாத நாட்களிலும் சனம் சும்மா குளிக்கப் போகும். கலியாணம் முடித்த புதிதில் அண்ணை மச்சாளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவார். இளஞ்சூட்டுக் கிணற்றில் தொடங்கி ஒவ்வொன்றாக அள்ளி ஊற்றிக்கொண்டு வருவார்களாம். ஆகக் கொதிக்கிற கிணற்றில் ஒரு வாளி ஊற்றியதும் அண்ணை கத்திக்கொண்டு ஓடிவிடுவாராம். மச்சாள் நின்று ஊற்றிக்கொண்டே சிரிப்பாராம்.

அண்ணையின் பெயர் இராசதுரை. எண்பத்து மூன்று ஆடியில் ஒரு வேலை விஷயமாகக் கொழும்புக்கு பஸ் ஏறினார். அந்தக் கிழமை கொழும்பில் தமிழருக்கு என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அவர் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தாரா, வழியிலேயே இறக்கப்பட்டாரா என்று ஒருவருக்கும் தெரியாது. உடலும் இல்லை, செய்தியும் இல்லை. அடுத்த வருடம் மச்சாளை நாங்கள் ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்டோம். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டோடு வந்து இறங்கினார்.

“உன்ர அண்ணை வந்தாக் குடுக்கச் சொல்லி, இந்த வீட்டு விலாசத்தைப் பக்கத்து வீட்டில குடுத்திட்டு வந்தனான்” என்றார். விமான நிலையத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

எனக்கு இருந்தது ஒரே அண்ணை. அவர் இனி இல்லை என்று என் மனசுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. ஆனாலும் ஒரு பிடி எள்ளுத் தண்ணீர்கூட இல்லாமல் அந்த ஆத்மா எங்கே அலைகிறதோ என்ற நினைப்பு என்னை விடவில்லை. சோறு பிசையும்போது வரும், பஸ்ஸுக்கு நிற்கும்போது வரும். ஐயரிடம் கேட்டேன். உடல் கிடைக்காவிட்டாலும் காரியம் செய்யலாம், ஆனால் பிள்ளைகள் இல்லாதவருக்கு மனைவி சம்மதிக்காமல் எப்படி என்றார். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மச்சாளிடம் கேட்டேன்.

“நீ கண்டனியா?” என்றார்.

“இல்லை மச்சாள், ஆனா…”

“அப்ப விடு.”

நானும் விடவில்லை, அவரும் அசையவில்லை. வருடா வருடம் ஆடி மாதம் எங்கள் இருவருக்கும் இடையில் முகம் கொடுத்துப் பேச்சில்லாமல் போகும்.

மச்சாளுக்கு மார்க்கம் என்ற ஊர்ப் பக்கம் ஒரு பெரிய லோன்ட்ரியில் வேலை. ஹோட்டல் படுக்கை விரிப்புகளைத் தோய்த்து மடிப்பது. மற்றப் பெண்கள் சூட்டைத் திட்டிக்கொண்டு வேலை செய்ய, இவர் கோயிலுக்குப் போகிறவர் மாதிரி முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு போவார். அங்கேதான் சிக்ரிட் என்ற வெள்ளைக்காரி கூட்டாளியானாள். அவள் பிறந்தது கனடாவின் மனிடோபாவில். அவளுடைய ஆட்கள் ஐஸ்லாந்திலிருந்து வந்தவர்கள். ஒரு நத்தாருக்கு அவள் மச்சாளுக்குக் கிறிஸ்மஸ் பரிசாக ஐஸ்லாந்துக் கலண்டர் ஒன்று கொடுத்தாள். அதில் ஒரு படம்: சுற்றிவர வெண்பனி, நடுவில் ஆவி பறக்கிற தண்ணீர், கழுத்தளவுக்கு அதற்குள் ஆட்கள் இருந்து சிரிக்கிறார்கள்.

அந்தப் படம் குசினிச் சுவரில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் ஏறியது. வருடம் முடிந்து கலண்டர் பழசான பிறகும் அதைக் கழற்ற விடவில்லை.

“நிலத்துக்குக் கீழ நெருப்பாம் பரிமளம். எங்க தோண்டினாலும் சுடுதண்ணியாம். குழாயிலயும் அதுதானாம்” என்று என்னிடம் சொல்லுவார்.

“கனடாவில இல்லாத குளிரெண்டோ, பேரிலயே ஐஸ் இருக்கிற நாட்டுக்குப் போகப்போறியள்?” என்பேன்.

ஆனால் அந்த ஆசை அவரைப் பிடித்து ஆட்டியது உண்மை. தை மாதத்தில் பஸ் தரிப்பில் மூக்கு விறைக்க நிற்கும்போது, “இப்ப அங்க தண்ணிக்குள்ள இருப்பாங்கள்” என்பார். தேத்தண்ணீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்து, ஆவியில் முகத்தைக் காட்டிக்கொண்டு அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஊருக்குப் போக ஆசையில்லையா என்று கேட்டால் கோப்பையைக் கழுவ எழும்பிப் போய்விடுவார். ஐஸ்லாந்து என்றால் மட்டும் கண் விரியும்.

எண்பத்தெட்டில் மச்சாளுக்கு சிற்றிசன் கிடைத்தது. பாஸ்போட் கைக்கு வந்த கிழமையே, “ஆடியில சிக்ரிட் தன்ர சொந்தக்காரரிட்டப் போறாளாம். நானும் போறன். அங்க குளிக்கவேணும்” என்றார்.

எனக்கு உடம்பு புல்லரித்தது. ஆடி மாதம். சுடுதண்ணீர். ஐந்து வருடமாகப் பிடிவாதம் பிடித்த மனுசி வாய் திறந்து சொல்லாமல் சொல்கிறார் என்று நினைத்தேன். ஊரில் சண்டை, கன்னியாவுக்குப் போக வழியில்லை, அதனால் பூமியில் வேறெங்கே அப்படித் தண்ணீர் இருக்கிறதோ அங்கே போய் அண்ணையின் காரியத்தை முடிக்கப் போகிறார். வேறு என்னவாக இருக்க முடியும்? அன்றிரவு தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதேன். துக்கத்தோடு ஒரு நிம்மதியும் வந்தது.

செய்தி எங்கள் கட்டிடம் முழுக்கப் பரவியது. பரப்பியது நான்தான். மேல்மாடித் தவமணி லிஃப்டில் மச்சாளின் கையைப் பிடித்து, “இப்பவெண்டாலும் மனம் தேறினியளே அக்கா” என்று கண் கலங்கினாள். மச்சாள் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். விமான நிலையத்தில் ஒரு பெரிய பை கறுப்பு எள்ளை அவர் கையில் கொடுத்து, “வைச்சுக்கொள்ளுங்கோ மச்சாள், அங்க தேவைப்படும்” என்றேன். அதை வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

போனவர் இரண்டு கிழமையில் வந்து இறங்கியபோது முகம், கழுவித் துடைத்த குத்துவிளக்கு மாதிரி இருந்தது. பொட்டு அப்படியே இருந்தது. காரில் ஏறியதும் தொடங்கிய கதை, வீட்டுக்கு வந்து சாப்பிட்டு முடித்தும் நிற்கவில்லை.

“மரமே இல்லை பரிமளம். பார்க்கிற இடமெல்லாம் எரிஞ்ச கறுப்புக் கல்லு. அதுக்கு மேல பச்சைப் பாசி, காலை வைச்சா மெத்தை. இரவே வராது. யன்னலுக்குக் கம்பளி போட்டுத்தான் படுத்தது. நிலத்தில கிடங்கு வெட்டி, மாவைப் பெட்டியில போட்டுத் தாட்டுவிடுறாங்கள். அடுத்த நாள் கிண்டினா நிலச்சூட்டில வெந்த பாண்! ஒரு தயிர் தந்தாங்கள், எங்கட எருமைத் தயிர் கெட்டது போ. சீனி போட்டு ரெண்டு கோப்பை சாப்பிட்டனான்.”

“குளிச்சதைச் சொல்லுங்கோ” என்றேன். எனக்கு வேண்டியது அதுதான்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. “நெஞ்சுக்கு மேல குறுக்குக்கட்டோட குளிக்கிற இடத்துக்குப் போனன். வாசல்ல ஒருத்தி மறிச்சுப்போட்டாள். இறங்க முதல் எல்லாத்தையும் கழட்டிப்போட்டு சோப் போட்டுக் குளிக்கவேணுமாம். அவ்வளவு பேருக்கும் முன்னால!”

“ஐயோ! நீங்கள் என்ன செய்தியள்?”

“குளிச்சன். அங்க ஆருக்கு என்னைத் தெரியும்? பிறகு சிக்ரிட் தந்த நீச்சல் சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கினன்.” சாப்பிட்ட கோப்பைகளை ஒதுக்கிக்கொண்டே தொடர்ந்தார். “அங்கயும் ஒவ்வொரு தொட்டியும் ஒவ்வொரு சூடு, பரிமளம். ஏழில்லை, நாலு. இளஞ்சூட்டில துவங்கி ஒண்டொண்டா இறங்கினன். கடைசித் தொட்டிக்குள்ள இருக்கச் சிரிப்பு வந்திட்டுது. ஏன் சிரிக்கிறாயெண்டு சிக்ரிட் கேட்டாள். என்ர மனிசன் இதுக்குள்ள ஒரு நிமிசம் இருக்கமாட்டார் எண்டு சொன்னன்.”

நான் காத்திருந்தேன்.

“அப்ப எள்ளு?” என்றேன்.

கைப்பையைத் திறந்து பையை மேசையில் வைத்தார். நான் போட்ட முடிச்சுக்கூட அவிழவில்லை.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. “அப்ப என்னத்துக்கு அவ்வளவு தூரம் போனீங்கள்?”

“குளிக்கத்தான். உனக்கு அப்பவே சொன்னன்தானே.”

நான் எழும்பிப் போய்விட்டேன். அந்தக் கிழமை முழுக்க அவரோடு பேசவில்லை. இரக்கமில்லாத மனுசி, தன் ஆசையை மட்டும் பார்க்கிறவர் என்று என் கணவரிடம் திட்டித் தீர்த்தேன். அவர் பேப்பரை விரித்துக்கொண்டு அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

சனிக்கிழமை மத்தியானம் கடைக்குப் போய்விட்டு வந்து கதவைத் திறந்தேன். வீடு முழுக்க வறுத்த எள்ளு வாசம். குசினியில் மச்சாள் கையில் நெய் தடவிக்கொண்டு எள்ளுருண்டை பிடித்துக்கொண்டிருந்தார். என்னுடைய அந்தப் பை வெறுமையாக மேசையில் கிடந்தது. அண்ணைக்கு இறைக்க என்று நான் தேடி வாங்கிய எள்ளு.

“ஊர்ச் சர்க்கரை இல்லை, பிரவுண் சுகர்தான் போட்டனான். உன்ர அண்ணைக்கு நல்ல விருப்பம்” என்று தட்டை என் பக்கம் தள்ளினார்.

கத்தத்தான் வாயைத் திறந்தேன். எள்ளு மணம் மூக்கில் ஏறியது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, அம்மா ஒளித்து வைத்த டின்னை எட்டி எடுத்து, தனக்கு இரண்டும் எனக்கு ஒன்றும் என்று பிரிக்கிற அண்ணையின் முகம் அப்படியே கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. ஐந்து வருடமாக நான் அவரைப் பிணமாகத்தான் நினைத்திருந்தேன். உயிரோடு ஒரு நாளும் நினைக்கவில்லை. கதிரையில் உட்கார்ந்து, ஒரு உருண்டையை எடுத்துக் கடித்தேன். இனிப்புக் கூடிப்போயிருந்தது. அண்ணைக்கு அப்படித்தான் பிடிக்கும்.

மச்சாள் என் முகத்தைப் பார்க்காமல் உருட்டிக்கொண்டே சொன்னார். “அவர் வந்த பிறகு இன்னொருக்காப் போகவேணும். அந்தக் கடைசித் தொட்டிக்குள்ள அவரைப் பிடிச்சு இருத்தவேணும். நீயும் வாறியா?”

“ஓம் மச்சாள்” என்றேன். “வாறன்.”

பிறகு எழும்பி, கழுவிக் காயவைத்த போத்தல் ஒன்றை எடுத்தேன். என் கையாலேயே கொஞ்ச உருண்டைகளை அதற்குள் போட்டு, மூடியை இறுக்கி, பிள்ளைகளுக்கு எட்டாத மேல்தட்டில் வைத்தேன். எள்ளுருண்டை கனநாளைக்குப் பழுதாகாது.