ஐத்தா மாற்றாத சொல்

கரி துடைக்கும் தூரிகையை இறக்கும் முன்பு ஐத்தா புகைபோக்கிக்குள் தலையை விட்டு ஒரு சுரம் பாடிப் பார்ப்பாள். சுரம் கீழே அடுப்புவரை போய்த் திரும்பி வந்தால் கரி குறைவு. பாதியில் அமுங்கிவிட்டால் அன்று வேலை இழுக்கும். “தொண்டை அடைச்சுக் கிடக்கு இதுக்கு!” என்று கூரையிலிருந்தே வீட்டுக்காரருக்குக் குரல் கொடுப்பாள். சிரிப்பவர்களிடம், “டாக்டரு ஆன்னு சொல்லச் சொல்றாரே, அவரப் பாத்துச் சிரி போ” என்பாள்.

கறுப்புச் சட்டை, அதில் இரண்டு வரிசைப் பித்தளைப் பித்தான்கள். புகைபோக்கி துடைப்பவர் எதிரே வந்தால் பித்தானைத் தொட்டுவிட்டுப் போவது எங்கள் பக்கத்து வழக்கம், அதிர்ஷ்டம் ஒட்டிக்கொள்ளும். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் தொடுவார்கள், சினைப்பசு வைத்திருப்பவர்கள் தொடுவார்கள். “தொட்டுக்கோ, தேஞ்சா போயிடும்? ஆனா கணக்குப் பரீட்சைக்கு இது பத்தாதுடா” என்று சொல்லிவிட்டு நெஞ்சை நிமிர்த்தி நிற்பாள். விடுதிக்கார சாஸ்பர் அவளோடு பள்ளியில் படித்தவன். காலையில் அவளுக்குக் காப்பி வைத்துவிட்டு, மேல் பித்தானை ஒரு தட்டுத் தட்டிய பிறகுதான் கல்லாவில் உட்காருவான். அவன் சமையலறையில் நெடுங்காலமாகப் பார்லி சூப் கிண்டுகிறவள் நான். கண்ணால் கண்டதைத்தான் எழுதுகிறேன்.

மே மாதம் வந்தால் ஐத்தாவோடு பேச்சுக் கொடுக்க முடியாது. அந்த மாதத்தில்தான் நாட்டுக்கு ஒரு பாட்டாக ஐரோப்பியப் பாட்டுப் போட்டி நடக்கும். அது முதன்முதலில் நடந்தது எங்கள் நாட்டில்தான், வென்றதும் நாங்கள்தான். அதற்குப் பிறகு பிரெஞ்சில் பாடினோம், ஜெர்மனில் பாடினோம், இத்தாலியனில் பாடினோம், இப்போது ஆங்கிலத்தில் பாடுகிறோம். நாட்டின் நான்காவது மொழியான எங்கள் ரோமான்ஷ் அந்த மேடையில் ஏறியது ஒரே ஒரு முறை, அதுவும் முப்பது வருஷத்துக்கும் முன்னால். “நாலு புள்ள இருக்கிற வீட்டுல கடைசிப் புள்ளைக்கு மட்டும் பண்டிகைக்குச் சட்டை கிடையாது” என்று ஐத்தா தொலைக்காட்சியைப் பார்த்துத் திட்டுவாள். வருஷா வருஷம் திட்டுவாள், ஒரு வருஷம்கூடப் பார்க்காமல் இருக்க மாட்டாள்.

அவளுடைய அக்கா மத்லைனாவுக்கு மூளையில் ரத்தம் அடைத்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. மிஞ்சியது ஒரே சொல்: ‘எவ்’. எங்கள் பள்ளத்தாக்கில் அதற்கு ‘நான்’ என்று பொருள். பசித்தாலும் எவ், வலித்தாலும் எவ், ஜன்னலில் பனி பெய்தாலும் எவ். ஐத்தா அந்தச் சொல்லை வைத்து ஒரு பாட்டுக் கட்டினாள். ‘மலைக்கு முன் யார் விழித்தது, ஆற்றுக்கு யார் பதில் சொன்னது’ என்று தங்கை பாடி நிறுத்துவாள். அக்கா “எவ்” என்று சுருதி பிசகாமல் வந்து சேருவாள். அந்த நேரத்தில் மத்லைனாவின் கோணிய முகம் நேராகிவிடும். எனக்குத் தாங்காது, அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன்.

ஊர்த் திருவிழாவில் இருவரும் பாடியதை யாரோ பதிவு செய்தார்கள். அது கைமாறிக் கைமாறிப் போட்டிக்குப் பாட்டுத் தேடுபவர்களிடம் போய்ச் சேர்ந்தது. ஒரு நாள் காலை தொலைபேசி வந்தது. ஐத்தாவின் கையெல்லாம் கரி. சாஸ்பர்தான் பொத்தானை அழுத்தி, ஒலியைக் கூட்டி மேசையில் வைத்தான். அதனால் விடுதியில் இருந்த எல்லோரும் கேட்டோம்.

“உங்க பாட்டு எல்லாருக்கும் பிடிச்சிருக்குங்க” என்றார் பேசியவர், நல்ல மரியாதையான குரல். “ஒரே ஒரு சொல்ல மட்டும் மாத்தணும். பாடப்போற பொண்ணு சுர்செல்வாப் பக்கம், அங்க ரோமான்ஷே கொஞ்சம் வேற மாதிரி. அவங்க ‘நான்’ங்கிறதுக்கு ‘யெவ்’னு சொல்வாங்க. உங்க ‘எவ்’வப் போட்டா அவங்க கோச்சுக்குவாங்க, அவங்களோடதப் போட்டா நீங்க. அதனால எல்லாப் பள்ளத்தாக்குக்கும் பொதுவா உண்டாக்கின எழுத்து மொழியில இருக்கிற ‘யாவ்’வப் போட்டுடலாம்.”

“பொதுவா எழுதலாங்க. பொதுவா எப்படிங்க ‘நான்’னு சொல்றது?”

“ஒரு சொல்லுதானேம்மா.”

“எங்க அக்காகிட்டயும் ஒரு சொல்லுதாங்க இருக்கு.”

யோசித்துச் சொல்லுங்கள் என்றார். யோசித்தாயிற்று, மன்னிக்கணும் என்றாள். முழங்கையால் அவளே பேச்சைத் துண்டித்தாள்.

சாஸ்பருக்கு முகம் சிவந்துவிட்டது. “முப்பது வருஷமா நீதானடி கத்துன, நம்மள உள்ள விடல, உள்ள விடலன்னு? இப்பக் கதவத் தொறந்து வாங்கங்கறான். செருப்பக் கழட்ட மாட்டேன்னு வாசல்ல நிக்கிறியே!”

“செருப்புன்னா கழட்டியிருப்பேன்டா. அது காலு.”

மறுநாள் காப்பியை வைத்துவிட்டு அவன் பித்தானைத் தொடாமல் போனான். ஊரில் பலரும் அப்படியே. இருக்கிற கொஞ்சம் பேரும் எங்கள் மொழியை மறந்துகொண்டு வரும்போது, உலகமே கேட்டிருக்கக்கூடிய ஒரு பாட்டை இவள் உதறிவிட்டாள் என்பது அவர்கள் வருத்தம். அதைத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஐத்தா வழக்கம்போலப் பித்தான்களைத் துலக்கிப் போட்டுக்கொண்டு வந்தாள். தொடுவாரில்லாமல் அவை அதிகமாகவே பளபளத்தன. ஒரு நாள் சமையலறைக்கு வந்து, “மொழிக்கே துரோகம் பண்ணிட்டேனாடி?” என்று கேட்டாள். கேட்டவள் பதிலுக்கு நிற்கவில்லை.

போன மே மாதம் போட்டியன்று விடுதி நிறைந்திருந்தது. ஐத்தா அக்காவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். தள்ளி உட்கார்ந்து இடம்விட்டார்கள், கண்ணை மட்டும் திரையிலிருந்து எடுக்கவில்லை. எங்கள் நாட்டின் பெயரைத் திரையில் சொன்னார்கள். ஆங்கிலப் பாட்டு ஒன்று. சாஸ்பர் கோப்பையைத் துடைத்துக்கொண்டே, ஐத்தாவின் காதில் விழட்டும் என்று உரக்கக் கேட்டான்: “ஆமா, இந்த வருஷம் நமக்காக யாரு பாடுறாங்களாம்?”

“எவ்” என்றாள் மத்லைனா.

கேள்வி புரிந்து சொன்னாளா என்பது யாருக்கும் தெரியாது. அவள் எதற்கும் அதைத்தான் சொல்வாள். ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. சாஸ்பரின் கையில் துணி அப்படியே நின்றது.

ஐத்தா எழுந்து போய்த் தொலைக்காட்சியின் சத்தத்தை அணைத்தாள். திரும்பி வந்து அக்காவின் எதிரே முட்டிபோட்டுப் பாட்டை முதலிலிருந்து எடுத்தாள். அந்தச் சொல் வர வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டு, உன் முறை என்பதுபோல் கரி போகாத ஆட்காட்டி விரலை அக்காவை நோக்கி உயர்த்தினாள்.