கறுப்புப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கோடு

செய்தி வந்தபோது முற்பகல் பதினொன்று பதினேழு. திருகோணமலை நகரில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் போட்டோகொப்பி மெசினைத் திறந்துவைத்து, முழங்கை வரை டோனர்த் தூளோடு நின்றேன். அழைத்தவன் றிஸ்வான்.

"மச்சான், கந்தளாய் ஆஸ்பத்திரிக்கு வா. ஜெசி விழுந்திட்டா."

"விழுந்ததோ? இல்லாட்டி…"

அவன் அழைப்பைத் துண்டித்தான். நான் மெசினை மூடி, திருகாணிகளை இறுக்கி, ஒரு தாள் ஓட்டிப் பார்த்தேன். தாள் சுத்தமாக வந்தது. அதன் பிறகே புறப்பட்டேன். ஏன் அப்படிச் செய்தாய் என்று பலர் கேட்டுவிட்டார்கள். எனக்குத் தெரியாது.

என் மனைவி ஜெசிந்தாவை உங்களில் பெரும்பாலானோர் 'உப்புக் கூட்டம்' படக்கதைப் புத்தகங்களால் அறிவீர்கள். கதை றிஸ்வானுடையது, படங்கள் அவளுடையவை. அன்று கந்தளாயில் ஒரு பாடசாலைக் கண்காட்சியில் மேசை போட்டு இருவரும் ஐந்தாவது புத்தகத்தை விற்றுக்கொண்டிருந்தார்கள். அப்போது அவளது தலைக்குள் ஒரு இரத்தக் குழாய் வெடித்திருக்கிறது. எந்த இடம் என்று வைத்தியர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். நல்ல படம் இல்லை. ஜெசி பார்த்திருந்தால் பேனையைப் பறித்துத் திருத்தியிருப்பாள்.

அவளுடைய முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நான் எழுத வேண்டும் என்று றிஸ்வான் சொன்னான். எனக்கு மெசின்களைப் பற்றித்தான் எழுதத் தெரியும். அவளை அறிந்ததும் ஒரு மெசினால்தான்.

துறைமுகத்துக்குப் போகும் வீதியில் சாதிக் நானாவின் கொப்பிக் கடை இருக்கிறது. அங்கே மெசின் அடிக்கடி சூடேறி நிற்கிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். போனபோது நானா ஒரு பெண்ணோடு வாதாடிக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, பகல்ல நடக்கிற கதை ஒண்டு கீறேலாதா? என்ட டோனரெல்லாம் உன்ட கடலுக்குள்ள போகுது!"

அவள் தன் முதல் புத்தகத்தைக் கொப்பி அடிக்க வந்திருந்தாள். பக்கத்துக்குப் பக்கம் இரவுக் கடல், முழுக் கறுப்பு. நான் தொழில்நுட்பம் படித்தவனாக, கறுப்பைப் புள்ளிகளாக்கிச் சாம்பல் நிறத்தில் எடுத்தால் மெசினுக்கு நல்லது என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நரைச்ச கடல எந்த ஊரில கண்டனீங்கள்?"

நான் அன்று மெசினின் அடர்த்தியைக் கூட்டிவைத்துவிட்டு வந்தேன். அது செய்யக்கூடாத வேலை. அடுத்த வருடம் எங்களுக்குத் திருமணம் நடந்தது.

கதையில் வரும் உப்புக் கூட்டத்தில் நால்வர். துறைமுக நீருக்கடியில் மூச்செடுக்கும் சுழியோடி சவரி. கந்தளாய்க் குளத்தை உள்ளங்கையில் அள்ளி வைக்கக்கூடிய குளத்தாள். காற்றை வள்ளத்தில் ஏற்றிக் கூலிக்கு விடும் கிண்ணியாவின் முத்தலிபு. நான்காவது, எங்கள் நகரத்துத் தெருக்களில் திரிகிற மான்களில் ஒன்று. அது சுவரொட்டிகளைத் தின்னும். அது தின்றால் அதில் எழுதிய பொய் ஊரில் எவர் நினைவிலும் இராது. முதலில் ஜெசி வைத்த பெயர் 'உப்புப் படை'. சாதிக் நானா அட்டையைக் கையில் எடுத்ததும் கீழே வைத்துவிட்டார்.

"படை எண்டு போட்டா, நாளைக்கு விசாரணைக்குப் போறது நீயில்ல, நான். கூட்டம் எண்டு போடு. கலியாணத்திலயும் கூட்டம்தானே."

அப்படித்தான் அது கூட்டமானது. "எங்கட பிரதம ஆசிரியர் சாதிக் நானாதான்" என்று ஜெசி கேட்பவர்களுக்கெல்லாம் சொல்வாள்.

இரண்டாவது புத்தகம் நாட்டில் தாள் கிடைக்காத காலத்தில் வந்தது. கடைகளில் ஒதுக்கிய பழைய பற்றுச்சீட்டுகளின் மறுபக்கத்தில் அடித்தோம். மின்சாரம் வரும்போது மட்டும் ஓட்டினோம். ஒரு பக்கத்தில் குளத்தாள் வெள்ளத்தைத் தடுப்பாள். மறுபக்கத்தில் யாரோ சீமெந்தும் கம்பியும் வாங்கியிருப்பார். வாசகர்கள் இரண்டையும் படித்தார்கள். "அந்தச் சீமெந்துக் கதை முடிஞ்சுதோ, வீடு கட்டிப்போட்டினமோ?" என்று ஒருவர் கேட்டார். ஜெசி அன்று சிரித்த சிரிப்பை எழுத எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவதில் சவரி செத்தான். உள்துறைமுகத்தில் மூழ்கும் கப்பலின் ஓட்டையைத் தன் உடம்பால் அடைக்கிறான், மேலே வரவில்லை. கடைசிப் பக்கம் முழுக் கறுப்பு. ஒரு சொல்லும் இல்லை.

ஆனால் வெளியான எல்லாப் பிரதிகளிலும் அந்தக் கறுப்புக்குக் குறுக்கே, முடியளவில் ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. அது தொடுவானம் என்றார்கள் வாசகர்கள். விடிகிறது என்றார்கள். சவரி உயிரோடு இருக்கிறான், அடுத்ததில் வருவான் என்று முகநூலில் எழுதினார்கள். றிஸ்வானுக்குப் பெரிய சந்தோசம். "விடு ஜெசி, அது தானா வந்த கோடு. அவனக் கொண்டு வருவம். எல்லா ஊர்லயும் இந்த மாதிரிக் கதையில செத்தவன் திரும்பி வாறதுதானே வழக்கம்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்திருந்தோம். கட்டைபறிச்சானிலிருந்து ஒரு அம்மா பாலையூற்றில் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். போர்க்காலத்தில் கடலுக்குப் போய் இன்னும் வராத மகனின் தாய். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கொடுத்த புத்தகமாம். கதிரையில் நுனியில் உட்கார்ந்து, கடைசிப் பக்கத்தை விரித்து, அந்தக் கோட்டில் விரலை வைத்தார்.

"பிள்ளை, இது அவன் வாறதுதானே?"

ஜெசி என்னைப் பார்த்தாள். பிறகு அவரருகில் நிலத்தில் குந்தினாள். "இல்லையம்மா. அது நான் கீறேல்ல. மெசினில ஏதோ பிழை."

அந்த அம்மா கோட்டிலிருந்து விரலை எடுக்கவில்லை. "மெசினுக்கும் சிலவேளை தெரியும், பிள்ளை" என்றார்.

அவர் போன பிறகு ஜெசி குசினியில் நின்று அழுதாள். மறுநாள் நான் சாதிக் நானாவின் மெசினைத் திறந்தேன். லேசர் ஒளி வெளியே வருகிற கண்ணாடியில் ஒரு தூசு. அவ்வளவுதான். எழுத்துத் தாள்களில் அது தெரியாது, முழுக் கறுப்பில்தான் தெரியும். பஞ்சால் ஒரு தரம் துடைத்தேன். கோடு போய்விட்டது.

அந்தப் பக்கத்தை மறுபடியும் அடித்தோம். ஜெசி பிரதிகளைத் தேடிப் போய்த் தாளை மாற்றினாள். கட்டைபறிச்சானுக்குத் தனியாகப் போனாள், என்னைக் கூட்டிப்போகவில்லை. அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குச் சொல்லவும் இல்லை. நான்காவது புத்தகத்தின் முதல் பக்கத்தில் சவரிக்காகக் கூட்டம் அழுகிறது. அவன் இடம் வெறுமையாகவே இருக்கிறது. றிஸ்வான் கோபித்துக்கொண்டு சில கிழமைகள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அவன் வந்த அன்று ஜெசி சொன்னது:

"'வருவினம், வருவினம்' எண்டு சொல்லிச் சொல்லியே எங்கட சனத்திட வயசு போச்சு. நானும் சொல்ல மாட்டன். எங்கட புத்தகத்தில செத்தவை திரும்பி வரமாட்டினம்."

"அப்ப நீங்க ஈஸ்டர் கொண்டாடுறது?" என்றான் றிஸ்வான்.

"அது ஆண்டவருக்கு மட்டும். அவரிட்ட மெசின் இல்லை."

ஐந்தாவது புத்தகத்தை முதல்முறையாக அச்சகத்தில் கொடுத்தோம். நிறமுள்ள அட்டை. அதைத்தான் அவள் கந்தளாய்க்குக் கொண்டு போனாள்.

அடக்கத்துக்கு அந்த அம்மா வந்திருந்தார். என் கையைப் பிடித்து, "மகன், இந்தப் பிள்ளை ஓராள்தான் எனக்கு உண்மையச் சொன்னவ" என்றார். நான் தலையசைத்தேன். எனக்கு அப்போது உண்மை வேண்டியிருக்கவில்லை. யாராவது ஒரு பொய் சொன்னால் போதும் என்றிருந்தது.

அந்தப் பொய் போன கிழமை வந்தது. றிஸ்வான் ஒரு தாளைக் கொண்டு வந்தான். வேறொருவரைக் கொண்டு வரைவித்திருந்தான். கடலுக்குள்ளிருந்து எழும்பி வருகிறாள் ஜெசி, கையில் தூரிகை. அவள் வரைவதெல்லாம் உயிர் பெறும். கூட்டத்தின் ஐந்தாவது ஆள்.

"வாசகர் எல்லாரும் கேக்குறாங்க, மச்சான். ஆறாவது புத்தகம் இதோட தொடங்கட்டும். அவ போகல்ல எண்டு காட்டுவம். நீ ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லு."

முகம் அவளுடையதேதான். இடப்பக்கப் புருவத்தின் தழும்பைக் கூட விடவில்லை. நான் அதை வாங்கி வைத்துக்கொண்டேன். அவன் போன பிறகு அந்தத் தாளை அலுமாரிக் கண்ணாடியில் ஒட்டினேன். காலையில் கழற்றினேன். மத்தியானம் மறுபடி ஒட்டினேன்.

றிஸ்வான், உனக்கும் வாசகர்களுக்கும் இதுதான் என் பதில். வேண்டாம். அவளைத் திருப்பிக் கொண்டுவராதீர்கள். அவள் தன் புத்தகத்தில் எவருக்கும் தராத ஒன்றை அவளுக்குத் தர நமக்கு உரிமை இல்லை. ஆறாவது புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக் கறுப்பாக இருக்கட்டும். அதை நான் நானாவின் கடையிலேயே அடித்துத் தருகிறேன், கண்ணாடியைத் துடைத்துவிட்டு.

என்னிடம் எஞ்சியிருப்பது மூன்றாவது புத்தகத்தின் ஒரு பிரதி, தாள் மாற்றாதது. எப்படியோ வீட்டில் தப்பிக் கிடந்திருக்கிறது. கறுப்புக்குக் குறுக்கே கோடு இருக்கிறது. அது தூசு. மெசினுக்கு ஒன்றும் தெரியாது. துடைத்தவன் நான், என்னைவிட அதை அறிந்தவர் இல்லை. அப்படியிருந்தும் நாள் முழுக்க அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இதைப் படித்ததும் நீ அழைப்பாய், றிஸ்வான். இன்னொரு தரம் கேட்பாய். உன் குரலைக் கேட்டால் நான் ஓம் என்று சொல்லிவிடுவேன். ஆகவே தொலைபேசியை அணைத்துவிட்டேன்.