எங்கள் பெட்டியில் பத்தொன்பது

அறுபத்தேழாம் வருஷத் தேர்தலுக்குத் தாராவியில் எங்கள் சந்தின் வாக்காளர் பட்டியலைப் படியெடுத்தவள் நான். செம்பூரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திர வரைபடங்களை நகலெடுக்கும் டிரேசர் வேலை எனக்கு. கோடு நேராக இருக்கும், எழுத்து ஒரே உயரத்தில் இருக்கும் என்று அப்பா என்னிடம் கொடுத்தார். வரிசை எண், பெயர், வீடு, கடைசியில் குறி போட ஒரு கட்டம். நிச்சயம் என்றால் வட்டம், சந்தேகம் என்றால் புள்ளி, இல்லை என்றால் பெருக்கல்.

அப்பா தோல் கிடங்கில் மேஸ்திரி. ஆளுங்கட்சிக்காரர்; சுதந்திரத்துக்கு முன்பிருந்தே அந்தக் கட்சிதான். ரேஷன் கார்டுக்குச் சிபாரிசுக் கடிதம், சயான் ஆஸ்பத்திரியில் ஒரு படுக்கை, எதுவானாலும் சந்தில் அவரிடம்தான் வருவார்கள். பதிலுக்கு அவர் கேட்டது ஓட்டு மட்டும். தேர்தலுக்கு முந்தின வாரம் வீடு வீடாகப் போய் வெற்றிலை பாக்குக் கொடுப்பார். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் வெற்றிலை வாங்கினால் வாக்குக் கொடுத்த மாதிரி. கல்யாணமே அப்படித்தான் நிச்சயமாகும்.

அந்த முறையும் எல்லாரும் வாங்கினார்கள்.

"புள்ளி எதுக்குட்டி? எல்லாத்துக்கும் வட்டம் போடு" என்றார். போட்டேன். அரிசிக்கு வரிசையில் நின்ற பெண்கள் கட்சியைத் திட்டியதை நானும் கேட்டிருந்தேன். பட்டியலில் அதற்குக் கட்டம் இல்லை.

ஓட்டுப் போடும் நாளில் பள்ளிக்கூடத்துக்கு வெளியே மேஜை போட்டு, எண் எழுதிய சீட்டை அப்பாதான் கொடுத்தார். ஒவ்வொருவரும் அவரைப் பார்த்துச் சிரித்து, வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். நானும் போனேன்.

அப்போதெல்லாம் பெட்டி வாரியாக எண்ணுவார்கள். எந்தச் சந்து யாருக்குப் போட்டது என்பது மறைந்திருக்காது. எண்ணிக்கை நாளில் கட்சி ஏஜெண்டாகப் போன அப்பா சாயங்காலம் திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"நம்ம பெட்டில பத்தொம்பது" என்றார்.

பட்டியலில் இருநூற்றுக்கு மேல் வட்டம்.

சென்னையிலும் கட்சி தோற்றுவிட்டது என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது. வெளியே வெடி வெடித்தார்கள். பக்கத்தில் தோல்பைப் பட்டறை வைத்திருந்த பாய் மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"நீரும் வெத்தல வாங்குனீரே" என்றார் அப்பா.

"ஒங்க கைல வாங்குனேன் அண்ணாச்சி. மாட்டேன்னு எப்படிச் சொல்ல? போன மாசம் மதராசிக் கடைன்னு எங்க போர்ட ஒடச்சானுவளே, ஒங்க கட்சில ஒருத்தன் எட்டிப் பாத்தானா?"

"நான் வந்தேம்லா."

"நீங்க வந்திய. அதான் சங்கடமா இருக்கு. ஒங்க பேரு ஓட்டுச்சீட்டுல இருந்தா ஒங்களுக்குத்தான் போட்டிருப்பேன்."

அம்மா கொண்டுவந்த டீயை பாய் தொடவில்லை. எழுந்து போய்விட்டார்.

அப்பா பட்டியலையும் பென்சிலையும் ரப்பரையும் கேட்டார். அந்தப் பத்தொன்பது பேர் யார் என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். விடிந்ததும் அவர்கள் வீட்டுக்குப் போய் நன்றி சொல்ல வேண்டும். இந்தச் சந்தில் தன் சொல்லுக்கு இன்னும் மதிப்பிருக்கிறது என்று நம்ப அவருக்கு அவ்வளவுதான் மீதி இருந்தது.

"நம்ம வீட்டுல மூணு. அப்ப சந்துல பதினாறு."

அந்தக் கணக்கு தப்பு என்று எனக்கு மட்டும் தெரியும். உண்மையைச் சொன்னால் சந்தில் ஒருவர் கூடுவார், வீட்டில் ஒருவர் குறைவார். சொல்லாவிட்டால் அவர் எங்கோ ஒரு நல்ல மனிதரை விட்டுவிடுவார்.

"நம்ம வீட்டுல ரெண்டுதான்ப்பா."

அவர் நிமிரவில்லை. ஏன் என்று கேட்பார் என நினைத்துக் காரணங்களை மனதுக்குள் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். கேட்கவில்லை. என் பெயருக்கு நேரே இருந்த வட்டத்தை ரப்பரால் மெதுவாக அழித்தார். காகிதத்தில் விழுந்த தூளை ஊதினார்.

"அப்ப சந்துல பதினேழு" என்றார்.

அதற்கு மேல் பென்சில் நகரவில்லை. காலையில் அவர் எந்த வீட்டுக்கும் போகவில்லை. கிடங்குக்குக் கிளம்பும்போது, ரேஷன் கடிதத்துக்கு வாசலில் நின்ற ஒருவருக்கு நின்றபடியே எழுதிக் கொடுத்தார், முகத்தைப் பார்க்காமல்.