மிராசுதார் ஏறிய டிரெய்லர்

திருத்துறைப்பூண்டி சாலையோரப் பட்டறையில் எங்கள் பஸ் டயர் மாற்ற நிற்கிறது. பக்கத்தில் ஒரு டிராக்டர் டிரெய்லருக்குக் குலுங்காமலிருக்க வில்பட்டை மாட்டி முடித்திருக்கிறார்கள். நடவுக்குப் போக வேண்டிய பெண்கள் அதில் ஏறாமல் புங்கமர நிழலில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"இன்னும் ஏறலையா?" என்று ஒரு அம்மாவிடம் கேட்கிறேன்.

"தூக்கிப் போடுற வண்டியில வரமாட்டோம்னு சங்கத்துல சொல்லிட்டோம். அதான் மிராசுதாரு பட்டை போட்டாரு. மொதல்ல அவரு போயிட்டு வரட்டுங்க."

சலவை வேட்டியோடு மிராசுதார் டிரெய்லரில் ஏறுகிறார். வாய்க்கால் மதகு வரை போய்த் திரும்பி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார்.

"நெல்லு மூட்டைக்குன்னு நெனச்சுப் பட்டைய நெறைய அடுக்கிட்டேங்க. ஆளுங்க கனத்துக்கு இது அமுங்காது," என்கிறார் பட்டறைக்காரர்.

"அப்ப ரெண்டு பட்டையக் கழட்டுப்பா," என்கிறார் மிராசுதார்.

பெண்கள் எழுந்திருக்கவில்லை. கழற்றிய பிறகும் அவர்தான் முதலில் ஏற வேண்டும்.