படத்தில் எத்தனை தலை

மார்க்கண்டுவுக்கு எதையும் நம்பிப் பழக்கமில்லை. பாரிசின் லா சப்பலில் அவர் சமையல்காரராக இருக்கிற சாப்பாட்டுக் கடைக்கு மீன் வந்திறங்கினால் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். பிறகு கொண்டுவந்தவனின் முகத்தையும் ஒருமுறை பார்ப்பார். புறநகரான எபினேயில் வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று மாடி இறங்கியவர், திரும்ப ஏறிப்போய்க் கைப்பிடியை ஆட்டிப் பார்ப்பார். அயலவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே. சந்தேகப்பட்டுச் செத்தவன் இல்லை, நம்பிச் செத்தவன்தான் உண்டு என்பது அவருடைய கட்சி.

இப்பேர்ப்பட்ட மனிதரின் ஒரே மகள் லக்சனா. பத்தொன்பது வயது. ஒருநாள் சாப்பிடும்போது, குவாதலூப்புக்குப் பத்து நாள் போகப்போவதாகச் சொன்னாள். கரீபியன் கடலில் இருக்கிற தீவு, ஆனாலும் பிரான்ஸ்தான், விசா தேவையில்லை. பல நாட்டு இளைஞர்கள் பதினான்கு பேரை ஒரு சங்கம் ஊர் பார்க்கக் கூட்டிப்போகிறது.

மார்க்கண்டுவின் கை சோற்றில் நின்றது. "பல நாட்டுப் பெடியள் சேந்து ஊர் பாக்கப் போயினமோ? உதை ஆர் நம்புவான்?"

"பப்பா, சே நோர்மால், இதெல்லாம் வழமைதான்," என்றாள் மகள்.

"அவள் போகட்டும். உங்களுக்குக் கண்டதுக்கெல்லாம் சந்தேகம்," என்றாள் மனைவி கமலராணி. "மடியிலை கனம் இருந்தால்தானே வழியிலை பயம்?"

மடியில் கனம் இருந்ததுதான் விசயமே. மார்க்கண்டு பிரான்சுக்கு வந்ததே ஊர் பார்க்கிற கூட்டமாகத்தான். தொண்ணூற்றெட்டில் ஓர் ஏஜென்ட் அவரையும் வேறு எட்டுப் பேரையும் 'சர்வதேச இளைஞர் நட்புப் பயணம்' என்று பெயர் போட்டு இலங்கையிலிருந்து பிராக் நகரத்துக்குக் கொண்டுவந்தான். எல்லோருக்கும் ஒரே மஞ்சள் தொப்பி. நாள் முழுக்கக் கோயில், கோபுரம், பாலம். "சிரிச்சுக்கொண்டு நில்லுங்கோ. படம் எடுக்கிறவங்களை ஒரு பொலிசும் மறிக்காது," என்று சொல்லிச் சொல்லி அவனே படம் எடுத்தான். எல்லையால் இரண்டிரண்டு பேராகக் கடத்தக் கடத்த, படத்தில் தலைகள் குறைந்துகொண்டே வந்தன. உலகத்தில் இளைஞர்கள் கூட்டமாக ஊர் பார்க்கப் போவது வேறு எதற்கென்று மார்க்கண்டுவுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். ஒவ்வொரு நாளும் எல்லோரும் நிற்கிற படம் ஒன்று வரவேண்டும். ஓர்லி விமான நிலையத்தில் கமலராணி முதல் படத்தை எடுத்தாள். மார்க்கண்டு பொறுப்பாளன் அந்துவானின் நம்பரை வாங்கிக்கொண்டு, படத்தைப் பெருப்பித்து எண்ணினார். பதினான்கு தலை.

இரண்டாம் நாள் எரிமலை. மத்தியானச் சமையல் முடிந்து, கடைப் பின்கதவடியில் நின்று எண்ணினார். பதின்மூன்று. திரும்ப எண்ணினார். பதின்மூன்றுதான். மூன்றாம் நாள் நீர்வீழ்ச்சி. பன்னிரண்டு. மனைவிக்குப் போன் அடித்தார்.

"குறையுதப்பா. கடத்திறாங்கள்."

"பிரான்சிலை இருந்து பிரான்சுக்கு ஆரப்பா கடத்துவான்? விசர்க்கதை கதையாதேங்கோ," என்று கமலராணி போனை வைத்துவிட்டாள்.

நாலாம் நாள் படகுத்துறை. பதினொரு தலை, பின்னால் நீலக்கடல். லக்சனா இல்லை. மற்ற எல்லோரும் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

அந்தச் சிரிப்புத்தான் அவரை உலுப்பியது. மகளுக்கு இரண்டு தரம் அடித்தார், எடுக்கவில்லை. அந்துவானுக்கு அடித்து, சமையலறைப் பிரெஞ்சில் கத்தினார். என் மகள் எங்கே? எத்தனை பேரைக் கொண்டுபோனாய், எத்தனை பேர் மிச்சம்?

"மெசியே, இந்தப் படத்தை எடுத்ததே உங்கள் மகள்தான்," என்றான் அவன்.

படம் எடுக்கிறவரும் கூட்டத்தில் ஒருவராக இருக்கலாம் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. போன் கைமாறியது.

"அப்பா!" என்றாள் லக்சனா. "எல்லாருக்கும் முன்னாலை என்னை வெக்கப்படுத்திப்போட்டீங்கள். இனிப் படம் அனுப்பமாட்டன். வீட்டை வந்தாலும் உங்களோடை கதைக்கமாட்டன்."

போனை வெட்டிவிடுவாள் என்று தெரிந்தது. வெட்டினால் திரும்பப் பேசமாட்டாள், அவருடைய பிள்ளைதானே.

"உன்னைக் காணேல்லை, அவங்கள் சிரிக்கிறாங்கள், பிள்ளை," என்றார். "நாங்களும் அப்பிடித்தான் சிரிச்சனாங்கள்."

"ஆர் நாங்கள்?"

சொன்னார். மஞ்சள் தொப்பியைச் சொன்னார், ஏஜென்ட்டைச் சொன்னார். பிறகு மனைவிக்கும் சொல்லாததைச் சொன்னார்.

"எங்களோடை லாசர் எண்டு ஒருத்தன். கடுங்காய்ச்சல். ஆத்தங்கரையிலை கிடந்த மர வாங்கிலை இருத்திப்போட்டு, இப்ப வாறம் எண்டனாங்கள். வான் வந்திட்டுது. நோயாளியை ஏத்தமாட்டன் எண்டிட்டான் ஏஜென்ட். ஆக்கள் பாக்கினம் எண்டு கடைசியாய் ஒரு படம் எடுத்தவன். நான் சிரிச்சனான். லாசர் அங்கை இருந்து என்னையே பாத்துக்கொண்டிருந்தவன்."

மறுமுனையில் செருப்புச் சத்தம் கேட்டது. நீர்வீழ்ச்சியடியில் கால் பிரண்ட பெண்ணும் அவளுக்குத் துணைக்கு இருந்தவளும் உட்கார்ந்திருந்த வானடிக்கு லக்சனா எல்லோரையும் கூப்பிட்டு, ஒவ்வொரு பேராகச் சொன்னாள். ஒவ்வொருவரும் போனுக்குள் ஒரு சத்தம் போட்டார்கள். பதினான்காவதாகத் தன் பேரைத் தானே சொன்னாள். மார்க்கண்டு ஏப்ரனால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"லாசரின்ரை ஆக்கள் இருக்கினமோ, அப்பா?"

"தங்கச்சி ஒருத்தி. ஜெனிற்றா. இஞ்சைதான், பாரிசுக்குப் பக்கத்திலை, பொண்டியிலை."

"அவவுக்கு இது தெரியுமோ?"

ஹோட்டலில் படுத்திருந்தவன், விடிய எழும்பிப் பார்த்தால் காணவில்லை: இருபத்தேழு வருசமாக ஜெனிற்றாவுக்கு அவர் சொல்லிவந்தது அதுதான். கலியாண வீடுகளில் அவளைக் கண்டால் சாப்பிடாமலே எழும்பி வந்துவிடுவார்.

"போய்ச் சொல்லுங்கோ," என்றாள் மகள். "சொல்லிப்போட்டு எனக்கு எடுங்கோ. நான் கதைப்பன்."

மாலைச் சமையலுக்கு வேறு ஆளைப் பார்க்கும்படி முதலாளியிடம் சொல்லிவிட்டு, பொண்டிக்கு ரயில் ஏறினார். வழிநெடுக, அவள் நம்பமாட்டாள், கத்துவாள், அடித்தாலும் அடிப்பாள் என்று நினைத்துக்கொண்டே போனார்.

ஜெனிற்றா கதவைத் திறந்தாள். அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள்.

"அண்ணை, நீங்கள் சொன்னதை நான் ஒருநாளும் நம்பேல்லை," என்றாள். "எண்டைக்காவது வருவீங்கள் எண்டுதான் இருந்தனான். உள்ளுக்கு வாங்கோ."