சித்தப்பா செய்த இண்டர்காம்

எங்கள் வீட்டில் ஒரு விஷயம் வெளியே கசிந்தால் எல்லோரும் முதலில் என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். அதை அநியாயம் என்று சொல்ல மாட்டேன். ஒன்பது வயதில் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். செய்யாத குற்றத்துக்கும் திருதிருவென்று முழிக்கிற வழக்கம் வேறு இருந்தது. இதனாலேயே எனக்கும் மற்றவர்கள் மேல் சந்தேகப்படும் குணம் சீக்கிரமே வந்துவிட்டது.

செம்பூரில் மூன்றாவது மாடியில் வீடு. ஒரு ஹால், ஓர் அறை, பின்பக்கம் சமையலறை. முன்பக்கத்துப் பால்கனிக்குக் கண்ணாடி அடைத்து, அதில் அப்பாவின் தம்பியான சித்தப்பா குடியிருந்தார். அவருக்கு ஒரு தொழிற்சாலையில் கருவிகளைப் பழுது பார்க்கும் வேலை. இரண்டாம் ஷிஃப்ட் வாரங்களில் மத்தியானம் வரை வீட்டில்தான் இருப்பார். அவருக்கு இரண்டு பைத்தியங்கள் என்று அப்பா சொல்வார். ஒன்று, லாமிங்டன் ரோடு கடைகளில் பழைய ரேடியோ சாமான்களை வாங்கி வந்து ஈயம் உருக்கி எதையாவது செய்வது. இன்னொன்று, கதை எழுதுவது. ஆபீசில் தூக்கிப்போடும் கம்ப்யூட்டர் தாள்களின் பின்பக்கத்தில் எழுதுவார். இரு ஓரமும் ஓட்டை ஓட்டையாக, ஒன்றோடொன்று ஒட்டி மடிந்த தாள்கள். பத்திரிகைகளுக்கு அனுப்பிய கதைகள் எல்லாம் ஒழுங்காகத் திரும்பி வந்துவிடும். தபால்காரர் அந்த கவரைக் கொடுக்கும்போது துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்.

அந்த வருஷம் அவர் செய்தது ஓர் இண்டர்காம். பலகையில் இரண்டு பெட்டிகள். ஒன்று பால்கனியில் அவர் மேஜை மேல், இன்னொன்று சமையலறைச் சுவரில். முப்பதடி தூரத்துக்கு எதற்கு இண்டர்காம் என்று யாரும் கேட்கவில்லை. காப்பி ரெடியானால் அம்மா பட்டனை அமுக்குவாள், பால்கனியில் கிர்ரென்று அடிக்கும், அம்மா பேசுவாள். கட்டடம் முழுக்க வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பட்டனை அமுக்கினால்தான் பெட்டிக்குக் காது கேட்கும் என்று அம்மா நம்பினாள். நாங்கள் எல்லோருமே அப்படித்தான் நம்பினோம்.

அம்மாவுக்கு ஒரே சிநேகிதி எதிர் வீட்டு மாமி. மாமி பி.ஏ. படித்தவர். மதராஸிலிருந்து வரும் வாரப் பத்திரிகை ஒன்றைத் தபாலில் வரவழைத்து, படித்து முடித்து எங்களுக்குக் கொடுப்பார். காலையில் அப்பாவும் எதிர் வீட்டு மாமாவும் ஆபீசுக்குக் கிளம்பியதும் மாமி எங்கள் சமையலறைக்கு வந்து முக்காலியில் உட்காருவார். அம்மா காய் நறுக்கிக்கொண்டே பேசுவாள். மற்ற நேரத்தில் அவளுக்கு அவ்வளவு பேச்சு வரும் என்றே தெரியாது. ஒருநாள் தேங்காய்ச் சில்லுக்காக நான் அங்கே நின்றபோது அவள் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

“பன்னெண்டு வருஷமா இந்தாத்துல என்னை ரெண்டே கேள்விதான் கேட்டிருக்கா, மாமி. துண்டு எங்கே, சாவி எங்கே.”

இரண்டு மாதம் கழித்து அது அந்தப் பத்திரிகையில் வந்தது. ஒரு பெண் பெயரில் எழுதிய கதை. அதில் ஒருத்தி பக்கத்து வீட்டுக்காரியிடம் அதே வார்த்தைகளைச் சொல்கிறாள். துண்டு முதலில், சாவி அடுத்து. அம்மா அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

“நீ யார்கிட்டயாவது போய் உளறினியா?”

இல்லை என்றேன். அன்றைக்கு அங்கே நிற்கவே இல்லை என்றும் ஒரு பொய் சேர்த்துச் சொன்னேன். அம்மா என்னை விட்டுவிட்டாள், ஏனென்றால் அவளுக்கு இன்னொருவர் மேல் சந்தேகம் விழுந்துவிட்டது. கேட்டவர் மாமி. படித்தவர் மாமி. பத்திரிகை வரவழைப்பவரும் மாமி. புனைபெயர் வைத்து எழுதிவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி அதை என் கையிலேயே கொடுத்தனுப்புகிறார் என்று அம்மா முடிவு கட்டினாள். நேரில் எதையும் கேட்கவில்லை. மாமி கொடுத்தனுப்பிய பாத்திரத்தை வெறுமனே கழுவித் திருப்பிக் கொடுத்தாள். எங்கள் மாடியில் பாத்திரம் காலியாகத் திரும்புவது கிடையாது, ஒரு பிடி சர்க்கரையாவது இருக்கும். மாமிக்குப் புரிந்துவிட்டது. காரணம்தான் புரியவில்லை. முக்காலி அடுப்பு மேடைக்கு அடியில் போய்விட்டது.

நான் அம்மா கட்சி. கதவுத் துவாரம் வழியாக எதிர் வீட்டை வேவு பார்த்தேன். ஒருநாள் மாமியின் விரலில் மை இருந்ததைக் கண்டுபிடித்து, ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அந்த மே மாதம் முழுக்க அம்மா யாரோடும் பேசாமல் சமைத்தாள்.

பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம் இருந்தது. சித்தப்பா குளிக்கப் போயிருந்தார். ஈயக்கம்பியில் ஒரு துண்டு திருடலாம் என்று பால்கனிக்குள் நுழைந்தேன். மேஜை மேல் இருந்த பெட்டியிலிருந்து குக்கர் விசில் கேட்டது. பிறகு அம்மாவின் குரல். “அது எங்கே போய் ஒழிஞ்சுது? ஒரு வேலைக்கு உதவறதில்லை.” அது நான்தான். பட்டனை யாரும் அமுக்கவில்லை, கிர்ரென்ற சத்தமும் வரவில்லை. பெட்டியோடு ஒயர் போட்டு இணைத்திருந்த டேப் ரிகார்டரில் கேசட் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஓட்டைத் தாளில் பாதி எழுதிய கதை. தலைப்புக்குக் கீழே, சித்தப்பாவின் கையெழுத்தில், அந்தப் பெண் பெயர்.

மாட்டிக்கொண்டவர் நானில்லை என்ற சந்தோஷத்தில் சமையலறைக்குப் பறந்தேன். அம்மா நம்பவில்லை. அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு அவளே பால்கனிக்குப் போனாள். “நீ உள்ளே போய் ஏதாவது பேசு” என்றாள். நான் சமையலறைச் சுவரைப் பார்த்து ஏழாம் வாய்ப்பாட்டை ஒப்பித்தேன். திரும்பி வந்தபோது அவள் சித்தப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அதற்கு முன்னால் அவள் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

சித்தப்பா ஈரத் தலையோடு வந்து நின்றார். மூன்று பேரும் கேசட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“ரெண்டு மாசமா எதிராத்து மாமியோட நான் பேசலை” என்றாள் அம்மா.

“நானா எழுதினதெல்லாம் திரும்பி வந்துடுத்து, மன்னி” என்றார் சித்தப்பா. “நீங்க சொன்னதைத்தான் போட்டா.”

அம்மா திட்டவில்லை. சுவரிலிருந்து பெட்டியைக் கழற்றிவிடுகிறேன் என்று அவர் திருப்புளியை எடுத்தபோது, இருக்கட்டும் என்றாள். அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று எனக்கு உத்தரவு. அன்றைக்கே ஒரு கிண்ணம் நிறைய பாயசத்தோடு எதிர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். மாமி நல்லவர். சிரித்துக்கொண்டே பாயசத்தை வாங்கிக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு எங்கள் சமையலறையில் அவர் வாயே திறக்கவில்லை. வந்தால் முதலில் சுவரைப் பார்ப்பார். “அப்பறம் சொல்றேன்” என்று எழுந்துகொள்வார். கொஞ்ச நாளில் வாசற்படியிலேயே நின்று பேசிவிட்டுப் போக ஆரம்பித்தார்.

கேசட் பிடிபட்ட அன்று சாயந்திரம் சித்தப்பா இன்னொரு காரியமும் செய்தார். பால்கனிப் பக்கத்தில் பெட்டிக்குப் போகும் ஒயரைக் கட்டிங் பிளேயரால் வெட்டினார். நான் பார்த்துவிட்டேன். உதட்டில் விரல் வைத்தார். காப்பிக்கு அம்மா பட்டனை அமுக்குவதை நிறுத்தியிருந்தாள், குரல் கொடுத்துக் கூப்பிட்டாள். அதனால் வெட்டியது யாருக்கும் தெரியவில்லை.

மழைக்காலத்தில் அம்மா பேச ஆரம்பித்தாள். சித்தப்பா பால்கனியில் இருக்கும் காலைகளில், காய் நறுக்கிக்கொண்டு, சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பி, கொஞ்சம் உரக்க. எனக்குப் பள்ளிக்கூடம் மத்தியானம்தான், ஹாலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியபடி கேட்பேன். கல்யாணமாகி வந்த முதல் நாள் தாதர் ஸ்டேஷனில் அவளைப் பெண்கள் பெட்டியில் ஏற்றிவிட்டு அப்பா வேறு பெட்டியில் ஏறினாராம். குர்லாவில் இறங்க வேண்டும் என்று தெரியாமல் காட்கோபர் வரை போய்விட்டாளாம். இந்த ஊர் பாஷை தெரியாமல், யாரையோ பார்த்து அழுது, திரும்பி வந்து சேர்ந்தாளாம். பிளாட்பாரத்தில் நின்ற அப்பா முதலில் டிரங்குப் பெட்டியைத்தான் தேடினாராம். இதை யாரிடமும் அவள் சொல்லி நான் கேட்டதில்லை. சித்தப்பாவைத் திட்டத்தான் இப்படிச் சுற்றி வளைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். வாரப் பத்திரிகை வந்ததும் முதலில் அவளே வாங்கிப் பொருளடக்கத்தைப் பார்ப்பாள். ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்துவிடுவாள்.

நவராத்திரிக்கு முந்தைய வாரம். அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டு, தன் பள்ளிக்கூடத்தில் கணக்கில் முதலாவதாக வந்ததைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாவம், யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்று இத்தனை மாதமாகக் கவலைப்படுகிறாளே என்று எனக்குத் தோன்றியது. உள்ளே போய்ச் சொன்னேன்.

“கவலைப்படாதேம்மா. சித்தப்பா அந்த ஒயரை வெட்டிட்டார். நீ பேசறது யாருக்கும் கேக்காது.”

கத்தி நின்றது.

“எப்போலேர்ந்து?” என்றாள்.

“ஸ்கூல் திறக்கறதுக்கு முன்னாலேயே.”

அம்மா தலையாட்டினாள். மீதிப் பீன்ஸை ஒவ்வொன்றாக எடுத்து, காம்பு கிள்ளி, நறுக்கி முடித்தாள். இவ்வளவு நல்ல செய்தி கொண்டுவந்ததற்கு ஒரு பிஸ்கட்டாவது தருவாள் என்று நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.