தேனீ தினமும் திருஷ்டிப் பூசணியும்

கத்திரி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு காலையில் தலைமை ஆபீசிலிருந்து மெயில் வந்தது. தேனீ தினத்தை ஜாலியாகக் கொண்டாடப் பத்து வழிகள். மஞ்சளும் கறுப்புமாக உடுத்தி வாருங்கள். தேனீ மாதிரி கேக் செய்து வெட்டுங்கள். வினாடி வினா வையுங்கள். பூவோடு நின்று செல்ஃபி எடுத்துப் போடுங்கள். இப்படியே போய்க் கடைசியில், எல்லாரும் கை நீட்டி உறுதிமொழி எடுத்துக்கொள்ளுங்கள் என்று முடிந்திருந்தது. பத்து வழியில் ஒன்றுக்காவது தேனீ வேண்டும் என்று எங்கேயும் போடவில்லை. பெரிய நிம்மதி, ஏனென்றால் எங்களிடம் தேனீ கிடையாது.

நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் நிர்வாகப் பிரிவு மேனேஜர். மேனேஜர் என்றதும் சுழல் நாற்காலியெல்லாம் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். தண்ணி லாரி, கக்கூஸ், கேன்டீன் புளிச்ச தயிர், ஆயுத பூஜை, இதெல்லாம் என் இலாகா. அன்றைக்குத் தேனீயும் சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான். பக்கத்து உருக்காலைப் புகையும் கத்திரி வெயிலும் கூடிக் கொளுத்தும்போது கறுப்புச் சட்டை போட்டுவரச் சொன்ன அந்தப் புண்ணியவான் எந்த ஏசி அறையில் இருக்கிறாரோ, நன்றாக இருக்கட்டும்.

கேக் பொன்னேரியிலிருந்து வந்தது. தேனீ என்று சொல்லித்தான் ஆர்டர் கொடுத்தேன். வந்தது பார்ப்பதற்கு மஞ்சள் பூசிய கரப்பான் பூச்சி மாதிரி இருந்தது. பக்கத்தில் செல்ஃபி எடுக்கிற இடத்தில் ஹவுஸ்கீப்பிங் அம்சாக்கா ஸ்டூல் போட்டு ஏறி, பிளாஸ்டிக் சூரியகாந்திகளை ஒட்டிக்கொண்டிருந்தார். நான் கேக் பெட்டியைத் திறந்தேன். எசென்ஸ் வாடை குப்பென்று அடித்தது. ஏனோ எனக்கு அது பூச்சி மருந்து வாடையாகவே ஏறியது. மூக்குக்கு மட்டும் எதுவும் மறப்பதில்லை.

பதினைந்து வருஷத்துக்கு மேலே இருக்கும். நான் அப்போது வேலைக்குச் சேர்ந்த புதுசு. திருநின்றவூரில் ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி ஓடி, கும்மிடிப்பூண்டி வண்டியில் தொற்றிக்கொண்டு வந்து சேர்வதற்குள் இஸ்திரி போட்ட சட்டை சாக்குப்பை ஆகிவிடும். கேட்டில் நுழைந்ததும் நேரே தெரிவது தண்ணித் தொட்டி. அதன் அடிவயிற்றில் வருஷா வருஷம் பெரிய தேனீக்கள் வந்து அடை கட்டும். முறம் முறமாக மூன்று நான்கு அடை தொங்கும். வாட்ச்மேன் முனிரத்தினம் தொட்டிப் பக்கம் பீடி பற்றவைக்கமாட்டார், யாரையும் வைக்க விடவும் மாட்டார். "நைனா, பொகை காட்டினாதான் அதுங்களுக்கு கோவம் வரும். நீ உன் வேலய பாரு, அது அதோட வேலய பாக்கும்" என்பார். எனக்குத் தெரிந்து அந்தக் கம்பெனியில் அவரவர் வேலையை மட்டும் பார்த்தது அந்தத் தேனீக்கள்தான்.

காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் அம்சாக்காவின் பூசணித் தோட்டம். குத்தகை நிலம். புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள், அந்தக் கொடிதான் சோறு. ஆடியில் விதை போட்டால் ஆவணியில் பூ, ஆயுத பூஜைக்குக் காய். தொழிற்பேட்டையில் பாதிக் கம்பெனி வாசலில் சிதறுவது அவர் தோட்டத்துச் சாம்பல் பூசணிதான். எங்கள் கம்பெனிக்கு மட்டும் ஒரு வழக்கம் இருந்தது. தோட்டத்திலேயே பெரிய காயை அவரே தலையில் சுமந்து கொண்டுவந்து கேட்டில் வைப்பார். முனிரத்தினம் அதில் ஓட்டை போட்டுக் குங்குமம் கொட்டி, கற்பூரம் ஏற்றி, மெஷின் மெஷினாகச் சுற்றிவந்து போட்டு உடைப்பார். கண்ணேறு கழிந்தது என்று எல்லாரும் பொரிப் பொட்டலத்துக்குக் கை நீட்டுவார்களாம்.

அந்த வருஷம் ஆவணியில் வெளிநாட்டு ஆடிட்டர் ஒருத்தர் வரப்போகிறார் என்று செய்தி வந்தது. பிளான்ட் மேனேஜருக்கு ஜுரம் வராத குறை. கல்லுக்கு வெள்ளையடித்தோம், மரத்துக்குக் காவியடித்தோம், இரண்டு லாரி குரோட்டன்ஸ் இறக்கினோம். மேனேஜர் அண்ணாந்து பார்த்தார். தொட்டிக்கு அடியில் தேன் அடை. உடனே எடுத்தாக வேண்டும் என்று எனக்கு உத்தரவு.

விஷயம் முனிரத்தினம் வழியாகச் சுவரைத் தாண்டிவிட்டது. மறுநாள் காலை நான் வருவதற்குள் அம்சாக்கா கேட்டில் நின்றுகொண்டிருந்தார். காலில் சேறு, முந்தானையில் கை.

"சார், இப்பதான் பொட்டப் பூ எறங்குது. அதுங்க வந்து ஒக்காந்தாதான் எனக்கு காயி. ஐப்பசி மழைக்கு தானா கெளம்பி போய்டும் சார். அது வரைக்கும் மட்டும் உட சொல்லுங்க."

நான் ரொம்பப் பெரிய மனுஷத் தோரணையில், மேனேஜரிடம் பேசுகிறேன் என்றேன். அவர் நம்பிக்கையோடு போனார். நான் மாடி ஏறினேன். மேனேஜர் அறை வாசல் வரைக்கும் வார்த்தை வாயில்தான் இருந்தது. அவர் என்னைப் பார்த்து, என்னய்யா, பூச்சி மருந்துக்காரனுக்குச் சொல்லியாச்சா என்று கேட்டார். சொல்லியாச்சு சார் என்றேன். வேலைக்குச் சேர்ந்து நாலு மாசம் ஆகியிருந்தது, இன்னும் கன்ஃபர்ம் ஆகவில்லை. ஆர்டர் காகிதத்தில் என் கையெழுத்து எவ்வளவு அழகாக விழுந்தது தெரியுமா? இன்றைக்குக்கூட அப்படி வராது.

அன்று சாயங்காலமே வந்தார்கள், நிலாவுக்குப் போகிற உடுப்பில் மூன்று பேர். அடித்தார்கள். காலையில் தொட்டிக்கு அடியில் தரை தெரியவில்லை. சில தேனீக்கள் இன்னும் காலை உதறிக்கொண்டிருந்தன. பெருக்கிச் சாக்கில் கட்டினார்கள். முனிரத்தினம் அன்றைக்கு என்னோடு டீ குடிக்கவில்லை.

ஆடிட்டர் வந்தார். தீயணைப்புக் கருவியைப் பார்த்தார், கக்கூஸைப் பார்த்தார், குரோட்டன்ஸைப் பார்க்கவில்லை. தொட்டியை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. போகிற போக்கில், உங்கள் வளாகத்தில் பறவை, பூச்சி, வண்ணத்துப்பூச்சி இதெல்லாம் வருமா, அதற்குத் தனி மார்க் இருக்கிறது என்று கேட்டார். மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் குரோட்டன்ஸைப் பார்த்தேன்.

அதற்கப்புறம் தினமும் காலை ரயிலைவிட்டு இறங்கி வரும்போது சுவருக்கு அந்தப் பக்கம் அம்சாக்கா குனிந்திருப்பது தெரியும். ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, அதன் தூளைப் பெண் பூவின் நடுவில் தொட்டுத் தொட்டு வைப்பார். வெயில் ஏறினால் பூ வாடிவிடும் என்பதால் விடிந்ததும் ஆரம்பித்துவிடுவார். அத்தனை தேனீக்கள் பறந்து பறந்து செய்த வேலையை ஒரு பொம்பளை இரண்டு கையால் செய்து முடிக்க முடியுமா? ஒரு நாள் முதல் வண்டியிலேயே வந்து, சுவரைச் சுற்றிக்கொண்டு போய்த் தோட்டத்தில் இறங்கினேன். நானும் தொடுகிறேன் அக்கா என்றேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வரிசையைக் காட்டிவிட்டு வேறு பக்கம் போனார்.

கொடியின் சுணை முழங்கை வரைக்கும் ஏறி அரித்தது. விடவில்லையே நான். தியாகி மாதிரி இரண்டு வரிசை முடித்து நிமிர்ந்தேன். அம்சாக்கா வந்து பார்த்தார். பூவுக்குக் கீழே குட்டிக் காய் மாதிரி உருண்டையாக இருந்தால்தான் பெண் பூவாம். நான் தொட்டது அத்தனையும் ஆண் பூ. ஆண் பூவை ஆண் பூவில் தேய்த்து இரண்டு வரிசை. அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணி வருகிற அளவுக்கு. நானும் சிரித்தேன். கையெழுத்து விஷயத்தைச் சொல்லிவிட அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்காது. ஷிஃப்ட் சங்கு ஊதியது, கிளம்பிவிட்டேன்.

அந்த வருஷம் பிஞ்சு பிஞ்சாக மஞ்சள் தட்டி உதிர்ந்தது. உதிராமல் நின்ற காயும் கோணல். வியாபாரி லாரியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். ஆனாலும் ஆயுத பூஜை அன்றைக்கு அம்சாக்கா வழக்கம்போலத் தலையில் ஒரு காயோடு கேட்டுக்கு வந்தார். ஒரு பக்கம் சூம்பிப்போய், சின்னக் காய். இருந்ததிலேயே பெரியது அதுதானாம். மேனேஜர் பார்த்துவிட்டு, இதை உடைத்தால் திருஷ்டி கழியாது, கோயம்பேட்டிலிருந்து ஒன்று வரவழை என்றார். வரவழைத்தேன். அம்சாக்கா சுமந்து வந்தது கேன்டீன் சாம்பாருக்குப் போனது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

தை பிறப்பதற்குள் அவர் குத்தகையை விட்டுவிட்டார். ஹவுஸ்கீப்பிங் கான்ட்ராக்டரிடம் சொல்லி அவரை உள்ளே சேர்த்துவிட்டது நான்தான். எவ்வளவு பெரிய மனசு பாருங்கள். சார் புண்ணியத்தில் பிள்ளைகள் படித்தார்கள் என்று அவர் எல்லாரிடமும் சொல்வார். ஒவ்வொரு முறையும் எனக்குக் காது கூசும்.

தேனீ தினம் அமோகமாக நடந்தது. மஞ்சள் சட்டையில் எல்லாரும் வியர்த்து வழிந்துகொண்டு நின்றோம். உறுதிமொழியை வாசிக்கிற பொறுப்பு யாருக்கு? நிர்வாகப் பிரிவுக்குத்தான். தேனீக்களின் வாழிடத்தை அழிக்கமாட்டேன் என்று மைக்கில் சொன்னேன். எல்லாரும் திருப்பிச் சொன்னார்கள். கடைசி வரிசையில் அம்சாக்காவும் ஒரு கையில் துடைப்பத்தோடு, இன்னொரு கையை நீட்டிக்கொண்டு சொன்னார். அடுத்த வரியைப் படிக்காமல் காகிதத்தை மடித்துவிட்டேன். வெயிலால் என்று எல்லாரும் நினைத்து மோர் கொடுத்தார்கள்.

கூட்டம் கலைந்தது. தரையில் சிந்திய கிரீமை அவர் துடைத்துக்கொண்டிருந்தார். கிட்டே போனேன்.

"அக்கா, அன்னிக்கு மேனேஜர்கிட்ட நான் பேசவே இல்ல. அந்த மருந்துக்குக் கையெழுத்துப் போட்டதும் நான்தான்."

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும் சார். முனிரத்தினம் அன்னிக்கே சொல்லிட்டாரு."

"அப்புறம் ஏன் ஒரு நாள்கூட கேக்கல?"

"தோட்டத்துக்கு வந்தீங்களே, அன்னிக்கு கேக்கலாம்னுதான் இருந்தேன். மொத பூவுலயே தப்பாதான் தொட்டீங்க. அங்க நின்னு பாத்துகினுதான் இருந்தேன். சொன்னா கெளம்பிடுவீங்கன்னு உட்டுட்டேன். நீங்களா இன்னாவாவது சொல்லுவீங்கன்னு பாத்தேன் சார்."

ரெண்டு வரிசை நேரம் அவர் காத்திருந்திருக்கிறார். நான் சிரித்துவிட்டுச் சங்குச் சத்தம் கேட்டு ஓடிவந்தவன். செல்ஃபி இடத்திலிருந்த பிளாஸ்டிக் பூ ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு நின்றேன். அது ஸ்டோருக்குப் போவணும், அடுத்த வருஷத்துக்கு ஆவும் என்று அவர் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

கிளைகளிலேயே சிறப்பாகக் கொண்டாடியது நாங்கள்தானாம். சான்றிதழ் வந்தது, கண்ணாடிச் சட்டம் போட்டு ரிசப்ஷனில் மாட்டியிருக்கிறேன். பூசணித் தோட்டம் இருந்த இடத்தில் இப்போது டிரெய்லர் லாரிகள் நிற்கின்றன. முனிரத்தினம் போய்ச் சேர்ந்துவிட்டார். தொட்டிக்கு அடியில் அடை இருந்த கறை மட்டும் எத்தனை முறை வெள்ளையடித்தாலும் பழுப்பாக மேலே வந்துவிடுகிறது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பூசணி கோயம்பேட்டிலிருந்துதான் வருகிறது. கேட்டில் உடைத்ததும் யாராவது வழுக்கி விழுவதற்குள் அம்சாக்கா வந்து சதையை அள்ளுகிறார். கொட்டையைத் தனியாகப் பொறுக்கி ஓரமாக வைக்கிறார். பிறகு ஒரு நிமிஷம் சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, அதையும் குப்பை முறத்தில் தள்ளிவிடுகிறார்.